முகவாட்டம் போதவில்லை

பதினெட்டு வயதான ஒரு காருக்கு விலை பேசி முடிக்க நாற்பது நிமிடம் ஆயிற்று. அந்த விலை நியாயமானதுதானா என்று அரசாங்கம் கண்டுபிடிக்க ஏழு மாதம் ஆயிற்று. இரண்டுக்கும் நடுவில் நடந்ததைத்தான் சொல்லப்போகிறேன். நடுவில் எனக்குக் கோபம் வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வாங்க வந்தவர் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவர். கண்ணாடிச் சில்லைத் தேய்த்து, சட்டத்துக்குள் உட்காரவைத்து, மூக்கில் மாட்டிச் சரிபார்க்கிற வேலை. இருபத்தாறு வருடமாக அதே கடை, அதே முக்காலி. தெருவில் எல்லோருக்கும் அவர் கண்ணாடிக்காரர். அவர் மனைவிக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டு ஒன்றரை வருடமாகியிருந்தது. செவ்வாய், வியாழன், சனி என்று வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். ஆஸ்பத்திரி ஊரின் மறுகோடியில். இரண்டு பஸ் மாற வேண்டும். போகும்போது எப்படியோ போய்விடுவாள். திரும்பும்போது உடம்பிலிருந்த தெம்பையெல்லாம் அந்த இயந்திரமே உறிஞ்சிக்கொண்ட மாதிரி இருக்கும். இரண்டு தடவை பஸ்ஸிலேயே மயங்கி விழுந்தாள். மூன்றாவது தடவை விழுந்தபோது, எழுந்து இடம் கொடுக்க வேண்டிய ஆள் தூங்குவதுபோல் பாவனை செய்ததைக் கண்ணாடிக்காரர் பார்த்தார். அன்றைக்கே கார் வாங்குவது என்று முடிவுசெய்துவிட்டார்.

புதிய கார் அவர் கைக்கு எட்டாது. கையில் இருந்தது எண்பதாயிரம். அதற்குக் கிடைக்கிற கார் எது, அதில் எது நம்மைத் தெருவில் நிறுத்தாது என்று சொல்ல ஆள் வேண்டுமே? மச்சினன் இருந்தான். மனைவியின் தம்பி, பக்கத்து ஊரில் மெக்கானிக் பட்டறை வைத்திருப்பவன்.

விற்க வந்தவர் ஓய்வுபெற்ற சர்வேயர். நிலம் அளந்து அளந்து, பேச்சையும் அளந்தே பேசுகிறவர். கண்ணில் புரை விழுந்து இனி ஓட்ட முடியாது என்றாகிவிட்டது. காரை விற்றுக் கண் ஆபரேஷன் செய்துகொள்வதாகத் திட்டம்.

மச்சினன் வந்ததும் முதலில் பானெட்டில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தான். சில்லென்று இருந்தது.

"நல்லது. சூடா இருந்தா, நாங்க வர்றதுக்கு முன்னாடியே ஸ்டார்ட் பண்ணி எதையோ மறைச்சிருக்கீங்கன்னு அர்த்தம்" என்றான்.

"நீங்க ஃபோன்ல சொன்னீங்கல்ல, தொடாம வைங்கன்னு. நேத்திலேர்ந்து தொடல" என்றார் சர்வேயர்.

ஆயில் மூடியைத் திருகி எடுத்து உள்பக்கம் பார்த்தான். எஞ்சினுக்குள் தண்ணீர் கசிந்தால் வரும் வெள்ளை நுரை இல்லை. கால்விரிப்பைத் தூக்கிப் பார்த்தான். கட்டைவிரல் அளவுக்கு ஒரு துரு. பிரேக் மிதியின் ரப்பர் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று பார்த்து, மீட்டர் காட்டிய தூரத்தோடு ஒப்பிட்டான். இரண்டும் ஒத்துப்போயின. முன் இடது டயர் உள்பக்கம் மட்டும் தேய்ந்திருந்தது. வண்டியை ஓட்டி, ஒரு மேட்டில் ஏற்றி, ஆளில்லாத தெருவில் கைகளை ஸ்டியரிங்கிலிருந்து எடுத்து வண்டி எந்தப் பக்கம் இழுக்கிறது என்று பார்த்துவிட்டு வந்தான்.

"ஏழு வருஷம் ஓடும் மாமா. எட்டுன்னு சொன்னா அது பொய்."

சர்வேயர் தொண்ணூறு கேட்டார். மச்சினன் டயரையும் துருவையும் சொல்லி எழுபத்தைந்து என்றான். சர்வேயர் உள்ளே போய் ஒரு நோட்டைக் கொண்டுவந்தார். பதினெட்டு வருடமாக எந்தத் தேதியில் ஆயில் மாற்றினார், எப்போது எந்தக் கம்பத்தில் இடித்தார் என்று எல்லாம் எழுதியிருந்தது. மச்சினன் நாலு பக்கம் புரட்டிவிட்டு, "எம்பது" என்றான். சர்வேயர் தலையாட்டினார்.

இவ்வளவும் நடக்கும்போது கண்ணாடிக்காரரின் மனைவி முன் இருக்கையில் ஏறி உட்கார்ந்திருந்தாள். கீழே கம்பியைத் தடவிப் பிடித்து, இருக்கையைக் கடைசிவரை பின்னால் தள்ளிக்கொண்டாள். வீங்கிய கால்களை நீட்டினாள்.

"என்னங்க, கால நல்லா நீட்ட முடியுதுங்க" என்றாள். விலையைப் பற்றி அவள் ஒன்றும் கேட்கவில்லை.

அதோடு கதை முடிந்திருக்க வேண்டும். ஆனால் நாட்டில் பழைய கார் வாங்கி மக்கள் ஏமாறுகிறார்கள் என்று யாரோ ஒரு புண்ணியவான் கவலைப்பட்டு, பதினோரு வருடத்துக்கு முன் ஒரு சட்டம் போட்டிருந்தார். பதினைந்து வயதைத் தாண்டிய எந்தக் காரும் 'முதிர்ந்த வாகன நியாய விலை நிர்ணய ஆணையம்' சான்று கொடுத்த விலைக்குத்தான் கைமாற வேண்டும். ஒரு ரூபாய் கூடவும் கூடாது, குறையவும் கூடாது.

ஆணையம் மூன்று மாடிக் கட்டடத்தில் இருந்தது. பின்னால் பெரிய முற்றம். நியாயத்துக்காகக் காத்திருக்கும் கார்கள் அங்கே வரிசையாக நின்றன. சிலவற்றின் சக்கரத்தைச் சுற்றிப் புல் முளைத்திருந்தது. ஒரு காருக்குள் பூனை குட்டி போட்டிருந்தது. அந்தக் குட்டிகளும் வளர்ந்து, அவையும் குட்டி போட்டுவிட்டதாக வாசலில் இருந்த காவலாளி பெருமையாகச் சொன்னான். விலை தெரியும்வரை காரை அங்கே ஒப்படைத்தாக வேண்டும் என்பது விதி.

முதல் கவுண்டரில் இருந்தவர் விண்ணப்பத்தைப் பார்த்தார்.

"எம்பதாயிரம்னு போட்டிருக்கீங்களே. எப்படி முடிவு பண்ணீங்க?"

"பேசித்தாங்க."

"பேசியா?"

பேனாவை மூடி வைத்துவிட்டு எழுந்து போனார். தலைமை எழுத்தரை அழைத்துக்கொண்டு வந்தார். தலைமை எழுத்தர் கண்ணாடிக்காரரையும் சர்வேயரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இந்த விலை உங்க ரெண்டு பேருக்கும் திருப்தியா?"

"திருப்திதாங்க" என்றார்கள் இருவரும்.

"அப்படின்னா ரெண்டு பேர்ல ஒருத்தர் ஏமாந்திருக்கீங்க. அது யாருன்னு கண்டுபிடிக்கத்தான் நாங்க இருக்கோம்."

"ரெண்டு பேருமே ஏமாறலைன்னா?" என்று கேட்டார் கண்ணாடிக்காரர்.

"அதுக்குப் படிவம் கிடையாது" என்றார் தலைமை எழுத்தர்.

சர்வேயர் தன் நோட்டை நீட்டினார். தலைமை எழுத்தர் நின்றபடியே பத்துப் பக்கம் படித்தார். படிக்கப் படிக்க அவர் முகம் இறுகியது.

"கம்பத்துல இடிச்சதக்கூட எழுதி வெச்சிருக்கீங்க."

"இடிச்சேன், எழுதினேன்."

"விக்கிறவன் இவ்வளவு உண்மையச் சொல்றான்னா, இதைவிடப் பெருசா எதையோ மறைக்கிறான்னு அர்த்தம். நோட்ட இங்கயே விட்டுட்டுப் போங்க. சந்தேகப் பிரிவுக்கு அனுப்பணும்."

படிவம் பத்தொன்பது பக்கம். கண்ணாடிக்காரர் வாசலில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்து நிரப்பினார். நான்காவது பத்தி, 'வாங்கும் நோக்கம்'. விவரம் தெரிந்தவர்கள் அதில் 'சொந்த உபயோகம்' என்று இரண்டு சொல்லை எழுதிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். கண்ணாடிக்காரர் சீட்டில் உள்ள அளவு பிசகாமல் சில்லைத் தேய்த்துப் பழகியவர். பவர் அரைப் புள்ளி தவறினாலும் ஒருவன் படியில் தடுக்கி விழுவான் என்று தெரிந்தவர். 'நோயாளியான என் மனைவியை டயாலிசிஸ் சிகிச்சைக்கு அழைத்துச் சென்று வர' என்று அழகான கையெழுத்தில் உண்மையை எழுதினார். அவர் செய்த ஒரே தப்பு அதுதான்.

காரின் சோதனைகள் தொடங்கின. ஒலிப் பிரிவினர் பதினோரு நாள் ஹாரனை மட்டும் அடித்துப் பார்த்து, அதில் 'முதுமைக்கு ஒவ்வாத உற்சாகம்' இருப்பதாகக் குறிப்பு எழுதினார்கள். வண்ணப் பிரிவினர், பதிவுச் சான்றில் வானநீலம் என்று இருக்கிறது, வெளியில் பார்த்தால் சாம்பலாக இருக்கிறது, ஆகவே இது அதே கார்தான் என்பதற்கு என்ன ஆதாரம் என்று கடிதம் போட்டார்கள். வெயிலில் வெளுத்துவிட்டது என்று சர்வேயர் பதில் எழுதினார். வெயிலிடம் சான்று வாங்கி வரும்படி சொல்லாததுதான் பாக்கி. அதற்குப் பதில் வானிலை நிலையத்தில் பதினெட்டு வருட வெயில் கணக்கைக் கேட்டு வாங்கிக்கொண்டு வரச் சொன்னார்கள். புரை விழுந்த கண்ணோடு அவரும் போய் வாங்கி வந்தார்.

ஓட்டப் பிரிவு என்று ஒன்று. கார் எவ்வளவு தூரம் ஓடியிருக்கிறது என்று உறுதிசெய்வது அதன் வேலை. அதை உறுதிசெய்ய அந்தப் பிரிவின் அதிகாரி தினமும் காரை வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு போய், காலையில் ஓட்டிக்கொண்டு வந்தார். மீட்டர் நகர்ந்துகொண்டே இருந்ததால் எந்த எண்ணை எழுதுவது என்று முடிவுக்கு வர முடியாமல், மேலும் ஓட்டினார். ஒரு தடவை கண்ணாடிக்காரர் போய்ப் பார்த்தபோது பின் இருக்கையில் கடற்கரை மணலும், ஒரு பலூனும், சின்னக் குழந்தையின் ஒற்றைக் காலுறையும் கிடந்தன.

'எத்தனை கை மாறியது?' என்று ஒரு பத்தி உண்டு. சர்வேயர் 'ஒரே கை' என்று எழுதியிருந்தார். மூன்றாவது மாதம் பார்த்தால் அது ஏழு என்று திருத்தப்பட்டிருந்தது. ஆணையத்தில் ஒவ்வொரு பிரிவும் காரை இன்னொரு பிரிவிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஒப்படைத்ததல்லவா? ஒவ்வொன்றும் ஒரு கை.

மச்சினனுக்குக் கேட்டதும் பற்றிக்கொண்டு வந்தது. "ஏழு கை மாறின வண்டியா? பட்டறைக்கு வர்ற எவனாவது கேட்டிருந்தா, வாங்காதடான்னு நானே விரட்டி விட்டிருப்பேன் மாமா!"

கண்ணாடிக்காரரும் மனைவியும் போகும் இரண்டாவது பஸ் ஆணையத்தின் முற்றத்தை ஒட்டித்தான் போகும். வாரம் மூன்று நாள், மதில் தாழ்வாக இருக்கும் இடம் வந்ததும் அவள் ஜன்னல் பக்கம் எட்டிப் பார்ப்பாள்.

"நம்ம கார் நிக்குது பாருங்க" என்பாள். "நாலாவது வரிசை. பாவம், தூசி அடஞ்சு கெடக்கு."

"சீக்கிரம் வந்துடும்" என்பார் அவர். ஆரம்பத்தில் நம்பிக்கையோடு சொன்னார். பிறகு பழக்கத்தில் சொன்னார். சிகிச்சை முடிந்து திரும்பும்போது அவளால் தலையைத் திருப்பக்கூட முடியாது. அப்போது அவர்தான் பார்த்து, "நிக்குது" என்று அவளுக்குச் சொல்வார்.

நான்காவது மாதம் அழைப்பு வந்தது. பத்தி முப்பத்தொன்று நிரப்பப்படவில்லையாம். அதன் தலைப்பு 'மீதி ஆயுள்'.

"நிரப்பியிருக்கேனே. ஏழு வருஷம்னு" என்றார் கண்ணாடிக்காரர்.

"அது காரோட ஆயுள்" என்றார் கவுண்டரில் இருந்தவர். "நாங்க கேக்கறது பயன்படுத்தப்போறவங்களோடது. நாலாவது பத்தியில நீங்கதான் எழுதியிருக்கீங்க, சம்சாரத்துக்காகன்னு. சொந்த உபயோகம்னு போட்டிருந்தா இந்தக் கேள்வியே வந்திருக்காது."

"அவ ஆயுளுக்கும் கார் விலைக்கும் என்னங்க சம்பந்தம்?"

கவுண்டர்காரர் கெட்டவர் இல்லை. நிதானமாக, அக்கறையோடு விளக்கினார். "ஒரு பொருளோட நியாய விலைங்கறது அதுலேர்ந்து கிடைக்கப்போற பயன்தான் சார். கார் ஏழு வருஷம் ஓடும். அவங்க மூணு வருஷம் இருந்தா, உங்களுக்குக் கிடைக்கறது மூணு வருஷப் பயன்தான். நாலு வருஷத்துக்கு நீங்க வீணா பணம் கொடுக்கலாமா? உங்க நன்மைக்குத்தான் கேக்கறோம். டாக்டர்கிட்ட ஒரு எண் வாங்கிட்டு வாங்க."

டாக்டர் 'சொல்ல இயலாது' என்று எழுதிக் கொடுத்தார். அப்படி ஒரு எண் இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். டாக்டர் எரிச்சலோடு, நல்ல எண்ணத்தில், 'பத்து ஆண்டுகள்' என்று எழுதினார். கண்ணாடிக்காரருக்கு அதைப் பார்த்ததும் காலில் தெம்பு வந்தது. பத்து வருடம்! காகிதத்தில்தான் என்றாலும் பத்து வருடம். அதை எடுத்துக்கொண்டு ஆணையத்துக்குப் போனார். கவுண்டர்காரர் ஒரு தடித்த அட்டவணையைப் புரட்டி, விரலை இறக்கி, ஒரு லட்சத்து அறுபத்திரண்டாயிரம் என்றார்.

"அவ்வளவு என்கிட்ட இல்லைங்க."

"அது தெரியுது." குரலைத் தாழ்த்தினார். "நானே பாத்துட்டேன், ரெண்டு வருஷம்னு வாங்கிட்டு வந்தீங்கன்னா, மத்ததெல்லாம் கழிச்சு, கரெக்டா எம்பதாயிரத்துக்கு வந்து நிக்கும். உங்களுக்குன்னு சொல்றேன். வெளிய சொல்லிடாதீங்க."

கண்ணாடிக்காரர் வீட்டுக்கு வந்து இரண்டு நாள் வாயைத் திறக்கவில்லை. மூன்றாம் நாள் மனைவியே கேட்டுப் பிடுங்கிவிட்டாள். கேட்டதும் சிரித்தாள்.

"இதுக்கா மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்கீங்க? ரெண்டுன்னே எழுதச் சொல்லுங்க. மலிவா கிடைக்குதுல்ல."

"வாய மூடு."

"கடைக்காரன் கத்தரிக்காய்க்கு ஒரு ரூபா குறைச்சா சந்தோஷப்படுவீங்க. நான் எட்டு வருஷம் குறைக்கிறேன், கோவிச்சுக்கிறீங்க."

"உன்ன வாய மூடச் சொன்னேன்!"

அவர் அவளிடம் அவ்வளவு உரக்கப் பேசியதே இல்லை. அவள் வீங்கிய காலைத் தடவிக்கொண்டாள். பிறகு, "எனக்கு அந்த பஸ் முடியலைங்க" என்றாள்.

அடுத்த வியாழக்கிழமை, இயந்திரத்தோடு குழாய் பூட்டிப் படுத்திருந்தபடியே, அவளே டாக்டரிடம் கேட்டு அந்தச் சீட்டை வாங்கினாள். 'இரண்டு ஆண்டுகள்.' டாக்டர் கையெழுத்துப் போடும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை. கண்ணாடிக்காரர் அந்தச் சீட்டை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்து ஆணையத்தில் கொடுத்தார். வரும் வழியெல்லாம் ஒரு கொலை செய்துவிட்டு வருகிறவன்போல் நடந்தார். வேறு எப்படி நடப்பார்?

ஆறாவது மாதம் விசாரணை. மேடை மாதிரி உயர்ந்த மேசை, நடுவில் ஆணையத் தலைவர், பக்கத்தில் தலைமை எழுத்தர். ஓரத்தில் முகக்குறிப்பாளர் என்று ஓர் அதிகாரி. அவருக்கு முன்னால் பலவிதமான முகங்கள் வரைந்த ஓர் அட்டை.

தலைவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு பேசினார். "நான் வாழ்க்கையில பழைய கார்ல உக்காந்ததே இல்ல. அரசாங்கம் எனக்கு ரெண்டு வருஷத்துக்கு ஒரு புது கார் கொடுக்குது. அதனாலதான் பழைய கார் விஷயத்துல எனக்கு எந்தப் பாரபட்சமும் கிடையாது. இந்த ஆணையம் வந்த பதினோரு வருஷத்துல, நாட்டுல ஒரு ஆள்கூட பழைய கார் வாங்கி ஏமாந்ததில்ல. ஏன் தெரியுமா? வாங்கி முடிச்சவங்களே நாலு பேர்தான். இதைவிடப் பெரிய பாதுகாப்ப எந்த நாடு கொடுத்திருக்கு?"

தலைமை எழுத்தர் மேசையைத் தட்டினார்.

"நியாய விலைன்னா என்ன?" என்று தலைவர் தொடர்ந்தார். "வாங்கறவன் சிரிச்சா, விக்கிறவன் ஏமாந்தான். விக்கிறவன் சிரிச்சா, வாங்கறவன் ஏமாந்தான். ரெண்டு பேர் முகமும் ஒரே அளவுக்கு வாடணும். அதுதான் நியாயம். சட்டத்துல அதுக்குப் பேரு சமவாட்டம். ரெண்டு பேரும் எழுந்து ஒருத்தர ஒருத்தர் பாருங்க."

கண்ணாடிக்காரரும் சர்வேயரும் எழுந்து திரும்பினார்கள். மாதக்கணக்கில் வரிசையில் சேர்ந்து நின்ற பழக்கம். பார்த்ததும் இருவருக்கும் லேசாகச் சிரிப்பு வந்துவிட்டது.

"வீட்டம்மா எப்படி இருக்காங்க?" என்று கேட்டார் சர்வேயர்.

"இருக்கா. உங்க கண்ணு?"

"உங்க மூஞ்சி பாதி தெரியுது. அது போதும்."

முகக்குறிப்பாளர் அட்டையைப் பார்த்தார், இவர்களைப் பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார். தலைமை எழுத்தர் எழுதினார்: 'முகவாட்டம் போதவில்லை. ஒரு மாதத்துக்கு ஒத்திவைக்கப்படுகிறது.'

அந்த ஒரு மாதத்துக்குள் மழை வந்தது. ஒரு வியாழக்கிழமை விடிந்ததிலிருந்து கொட்டியது. முதல் பஸ் எப்படியோ வந்துவிட்டது. இரண்டாவது பஸ் வரவில்லை. கண்ணாடிக்காரர் வாடகைக்காருக்கு ஃபோன் செய்தார். மூன்று மடங்கு கேட்டார்கள், தருகிறேன் என்றார், அப்படியும் வரவில்லை. மச்சினனின் ஊரிலிருந்து வரும் சாலையில் தண்ணீர் ஏறியிருந்தது. நிழற்குடையின் கூரை ஒழுகியது. மனைவி கம்பத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கடந்த இரண்டு நாளாகவே மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள்.

அப்போது தெருமுனையில் ஒரு கார் திரும்பியது. வெளுத்த நீலம். அவள்தான் முதலில் பார்த்தாள்.

"என்னங்க, நம்ம கார்."

கண்ணாடிக்காரர் நடுத்தெருவுக்கு ஓடி இரண்டு கையையும் நீட்டினார். கார் நின்றது. கண்ணாடி நாலு விரல் அளவுக்கு இறங்கியது. உள்ளே ஓட்டப் பிரிவு அதிகாரி.

"அடடே, நீங்களா!"

"சார், ஆஸ்பத்திரிக்குப் போகணும். அவளுக்கு முடியல. ஏத்திக்கிட்டுப் போங்க சார்."

அதிகாரியின் முகத்தில் உண்மையான வருத்தம் தெரிந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் நான் பொய் சொன்னவனாவேன். "எனக்கு மட்டும் மனசு இல்லையா? ஆனா விதி பதினாலு. விலை முடிவாகறதுக்கு முன்னாடி வாங்கறவங்க தரப்பு வண்டியில ஏறிட்டாங்கன்னா, அவங்க பயன் அடைஞ்சதா ஆயிடும். அப்புறம் விலைய முதல்லேர்ந்து போடணும். ஏழு மாச உழைப்பு உங்களுக்கு வீணாப்போயிடும் சார்."

"போகட்டும் சார்! எல்லாம் போகட்டும்!"

"நீங்க பதட்டத்துல பேசறீங்க." பின்னால் வந்த லாரி ஹாரன் அடித்தது. அதிகாரி கண்ணாடியை ஏற்றத் தொடங்கி, ஞாபகம் வந்தவராக மறுபடி இறக்கினார். "ஒண்ணு சொல்லணும். கவலையே படாதீங்க. வண்டி மழையிலகூட சூப்பரா ஓடுது."

போய்விட்டார்.

அன்று சிகிச்சை தவறியது. வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தார்கள். நேற்று வர முடியாதவர்கள் நிறைய, இயந்திரம் காலியில்லை, உங்கள் முறை நாளைக்குத்தானே, நாளைக்கே வாருங்கள் என்றார்கள். சனிக்கிழமை விடியும்போது அவளுக்கு மூச்சுத் திணறியது. வாடகைக்கார் வாசலில் வந்து நின்றபோது, அது தேவைப்படவில்லை.

பதினைந்து நாள் கழித்துக் கண்ணாடிக்காரர் ஆணையத்துக்குப் போய், விண்ணப்பத்தைத் திரும்பப் பெறுகிறேன் என்று எழுதிக் கொடுத்தார். கவுண்டர்காரர் படித்தார். எழுந்து நின்று, வருத்தமாக இருக்கிறது சார் என்றார். பிறகு உட்கார்ந்தார்.

"திரும்பப் பெற வழி இல்ல. ஆனா விவரத்த மாத்தலாம். பத்தி முப்பத்தொண்ணு." ரொம்ப மெதுவாக, புண்ணைத் தொடுகிறவர்போல், இரண்டு என்ற எண்ணை அடித்துவிட்டு, பக்கத்தில் பூஜ்யம் போட்டார்.

மறுபடியும் விசாரணை. அதே மேசை, அதே அட்டை. தலைமை எழுத்தர் வாசித்தார்: "பயன்படுத்துபவரின் மீதி ஆயுள், பூஜ்யம். ஆகவே பயன், பூஜ்யம். ஆகவே நியாய விலை, பூஜ்யம்."

தலைவர் முன்னால் குனிந்தார். "இந்த ஆணையத்தோட வரலாற்றுல இவ்வளவு குறைஞ்ச விலைக்கு யாருக்குமே கார் கிடைச்சதில்ல."

"எனக்கு வேண்டாம் சார்" என்றார் கண்ணாடிக்காரர்.

"நியாயத்த வேண்டாம்னு சொல்ற உரிமை யாருக்கும் கிடையாது. தண்டனைக்குரிய குற்றம்."

"நாங்க எம்பதாயிரம் பேசியிருந்தோம்" என்றார் சர்வேயர். அவர் குரல் வழக்கத்துக்கு மாறாகக் குழறியது. "என் கண் ஆபரேஷனுக்கு..."

"பேசினது உங்க விஷயம். நியாயம் எங்க விஷயம். ரெண்டு பேரும் எழுந்து ஒருத்தர ஒருத்தர் பாருங்க."

எழுந்தார்கள். திரும்பினார்கள். சர்வேயருக்கு இப்போது எதிரில் இருப்பவரின் முகம் அநேகமாகத் தெரியவில்லை; இருந்தும் பார்த்தார். வீட்டம்மா எப்படி இருக்காங்க என்று கேட்க வாய் பழகியிருந்தது. உதடு அசைந்து, நின்றுவிட்டது. கண்ணாடிக்காரர் அதைப் பார்த்தார். ஏழு மாதமாக அழாத மனிதர், அத்தனை அதிகாரிகளுக்கு முன்னால் நின்று அழுதார்.

முகக்குறிப்பாளர் அட்டையைக் கையில் எடுத்து, இந்த முகத்தோடும் அந்த முகத்தோடும் வைத்துப் பார்த்தார். பதினோரு வருட வேலையில் முதல்முறையாக அவருக்கு அட்டையின் கடைசிப் படம் தேவைப்பட்டது.

"சமவாட்டம் சார். துளி வித்தியாசம் இல்ல" என்றார்.

தலைவர் முத்திரையைத் தானே எடுத்துக் குத்தினார். தலைமை எழுத்தர் கைதட்டினார். இந்தக் கோப்பைப் பயிற்சிக்கு வரும் புதியவர்களுக்குக் காட்ட வேண்டும் என்று தலைவர் உத்தரவிட்டார்.

முற்றத்தில் காவலாளி சாவியைக் கொடுத்தான். காரின் நெற்றியில் சான்று ஒட்டியிருந்தது. நீலம் இன்னும் வெளுத்திருந்தது. கண்ணாடிக்காரர் கதவைத் திறந்து உட்கார்ந்தார். பக்கத்து இருக்கை யாரோ ஒரு சின்னக் குழந்தைக்காக முன்னால் இழுத்துவிடப்பட்டிருந்தது. கீழே கம்பியைத் தடவிப் பிடித்து, கடைசிவரை பின்னால் தள்ளினார்.

சர்வேயர் கார் பக்கத்திலேயே கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"ஏறுங்க ஐயா. வீட்டுல விட்டுட்டுப் போறேன். அந்த எம்பது..."

"அதெல்லாம் இப்பப் பேச வேண்டாம்" என்றார் சர்வேயர்.

தடவிக்கொண்டே வந்து முன் கதவைத் திறந்தார். புரை விழுந்த கண்ணுக்கும், பின்னால் தள்ளி வைத்திருந்த அந்த இருக்கை தெரிந்திருக்க வேண்டும். கதவைச் சத்தமில்லாமல் சாத்தினார். பின் கதவைத் திறந்து, மணலைத் தட்டிவிட்டு, பின் இருக்கையில் உட்கார்ந்துகொண்டார்.

"முன்னாடி இடம் இருக்கே பெரியவரே!" என்று கத்தினான் காவலாளி.

கண்ணாடிக்காரர் சாவியைத் திருகினார். முதல் திருகலிலேயே வண்டி கிளம்பியது.